கீழே இறங்கணுமா? முதல்ல மேலே ஏறு!

எலெக்ட்ரிக் கார் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. சொந்தக்காரர்கள், அபார்ட்மென்ட் வாட்ச்மேன், சிக்னலில் பக்கத்தில் நிற்கும் ஆட்டோக்காரர் என்று எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் போகும்?"

கம்பெனி சொல்லும் கணக்கைச் சொன்னால் பொய் சொன்ன மாதிரி இருக்கும். நான் ஓட்டிப் பார்த்த கணக்கைச் சொன்னால், "அவ்வளவுதானா?" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். அதனால் இப்போதெல்லாம், "எந்த ஊருக்குப் போறோம்ங்கறதைப் பொறுத்தது" என்று சொல்லிவிடுகிறேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைக்கிறார்கள். ஆனால் நிஜமான பதில் அதுதான். போன ஆடி மாதம் குன்னூர் போய்வந்த பிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

அது சுற்றுலா அல்ல. என் அப்பா மேட்டுப்பாளையத்தில் இருக்கிறார். அரசு பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். 26 வருஷம் மேட்டுப்பாளையம் - ஊட்டி மலைப்பாதையில் மேலும் கீழுமாக ஓட்டியவர். அவரோடு பதினோரு வருஷம் ஒரே பஸ்ஸில் வேலை பார்த்தவர் குன்னூர்க்காரர். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் 'கண்டக்டர் மாமா'. பங்குனியில் அவருக்குப் பக்கவாதம் வந்து, வலது பக்கமும் பேச்சும் போய்விட்டது.

அப்பாவுக்கு அவரைப் போய்ப் பார்க்க வேண்டும். பஸ் ஏறினால் ஒன்றரை, இரண்டு மணி நேரம். ஆனால் போகவில்லை. காரணம் எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண் டாக்டர் குளுக்கோமா என்று சொல்லிவிட்டார். பக்கப் பார்வை போய், குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நேரே மட்டும்தான் தெரியும். இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று உத்தரவு. அன்றிலிருந்து அப்பா மலைப்பக்கமே போகவில்லை. அந்த ரோட்டில் சும்மா உட்கார்ந்து போவதா என்று ஒரு வீம்பு.

"நான் ஓட்டிட்டுப் போறேன், வாங்கப்பா" என்று போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அண்ணனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அப்பாதான். எனக்கு டிரைவிங் ஸ்கூல். மலைப்பாதையில் ஒரு நாளும் என்னிடம் வண்டியைக் கொடுத்ததில்லை. கடைசியில், "அந்தப் பேட்டரி வண்டியிலயா அம்மிணி?" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே பெரிய விஷயம்!

நானும் ஏழாவது படிக்கும் என் பையனும் ஒரு வெள்ளிக்கிழமை விடிவதற்குள் சென்னையை விட்டுக் கிளம்பினோம். மேட்டுப்பாளையம் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். என் காரின் பேட்டரி 40 யூனிட். வழியில் இரண்டு இடத்தில் சார்ஜ் போட்டே ஆக வேண்டும்.

கள்ளக்குறிச்சி தாண்டி ஓர் ஓட்டல் வாசலில் முதல் சார்ஜ். இரண்டு இணைப்பில் ஒன்று வேலை செய்யவில்லை. இன்னொன்றில் ஒரு காரைச் செருகிவிட்டு ஓனர் சாப்பிடப் போயிருந்தார். அவர் பூரி முடித்து, காபி முடித்து, கை கழுவி வரும் வரை காத்திருந்தோம். அதற்கப்புறம் செயலி ஓடிபி கேட்டது, வாலட்டில் பணம் போடச் சொன்னது, மறுபடியும் ஓடிபி கேட்டது. பெட்ரோல் பங்கில் "ஆயிரத்துக்குப் போடுங்கண்ணா" என்று ஒரே வாக்கியத்தில் முடிகிற வேலை. இதில் இன்னும் நிறையத் திருந்தணும். எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் வெளியில் சொல்வதே இல்லை, ஏதோ கட்சி மாதிரி!

காத்திருந்த நேரத்தில் பக்கத்து டேபிள்காரர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். "உங்க கரன்ட்டும் நிலக்கரியை எரிச்சுத்தானேம்மா வருது? புகை இங்க விடாம நெய்வேலில விடறீங்க, அவ்வளவுதான்." முழுசாக மறுக்க முடியாது. பாதி நியாயம் அவர் பக்கம் இருக்கிறது. மீதிப் பாதிக்கான பதில் அன்று மத்தியானம் எனக்கே வேறு மாதிரி கிடைத்தது.

சேலம் தாண்டி, பவானி தாண்டி, பெருந்துறைக்கு மேல் போகப் போக பேட்டரி சதவீதம் வேகமாகக் குறைய ஆரம்பித்தது. ரோடு சமம். ஏ.சி. அதே அளவு. வேகமும் அதேதான். காலையில் ஒரு சதவீதத்துக்கு இரண்டரை கிலோமீட்டர் வந்த வண்டி, இப்போது இரண்டைத் தாண்ட மறுத்தது. ஏதோ கோளாறு என்று பயந்து ஓரம் கட்டி அப்பாவுக்கு போன் போட்டேன்.

"எந்தப் பக்கம் பார்த்துப் போயிட்டிருக்க?"

"மேற்கே... அவிநாசிப் பக்கம்ங்கப்பா."

"கதவைத் திறந்து கீழ எறங்கிப் பாரு."

இறங்கினேன். துப்பட்டா முகத்தில் அறைந்தது. எதிர்க்காற்று!

"ஆடிக் காத்துல அம்மியே பறக்கும். உன்ற வண்டி எம்மாத்திரம்? எண்பதுல வா, போதும்" என்று போனை வைத்துவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன், பாலக்காட்டுக் கணவாய் என்று. மேற்குத் தொடர்ச்சி மலைச் சுவரில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஓர் இடைவெளி. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகக் கோயம்புத்தூர், பல்லடம், உடுமலைப் பக்கம் பாய்ந்து வருகிறது. அங்கெல்லாம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணமும் அதுதான். மேப்பில் கலர் அடித்து மார்க் வாங்கினேனே தவிர, அந்தக் காற்று என் கையைப் பிடித்துத் தள்ளியது அன்றைக்குத்தான். பெட்ரோல் காரும் எதிர்க்காற்றில் அதிகமாகக் குடிக்கத்தான் செய்யும். முள் மெதுவாக நகர்வதால் நமக்குத் தெரிவதில்லை. இதில் ஒவ்வொரு சதவீதமாகக் கண்ணில் குத்துகிறது.

அப்போதுதான் ஓட்டல்காரருக்குச் சொல்ல வேண்டிய பதில் தோன்றியது. இதே ஆடிக் காற்றில்தான் தமிழ்நாட்டுக் காற்றாலைகள் முழு வேகத்தில் சுற்றுகின்றன. என் பேட்டரியைத் தின்ற காற்றே எங்கோ யாருக்கோ பேட்டரியை நிரப்பிக்கொண்டும் இருந்தது. என்ன செய்வது, நல்ல பதில் எல்லாமே பில் கொடுத்துக் கிளம்பிய பிறகுதான் வரும்.

வழியில் இன்னொரு தடவை சார்ஜ் போட்டு, அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போய்ச் சேரும்போது மாலை மணி ஐந்து.

மறுநாள் காலை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக இருந்தார். வண்டியைச் சுற்றி வந்து நான்கு டயரையும் கையால் தட்டிப் பார்த்தார். நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டுமே, அதை முன்னாடியே போட்டு வைத்திருந்தேன். 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். "என்ற ரோட்டுக்கு நானே பாஸ் வாங்கணுமா?" என்று சிரித்தார்.

சார்ஜ் 92 சதவீதம். அப்பாவின் கவலை சார்ஜ் அல்ல, சத்தம்.

"எஞ்சின் சத்தம் இல்லாம எப்படி மலை ஏறுவ? சத்தத்தைக் கேட்டுத்தானே வண்டி திணறுதா, தாங்குதான்னு தெரியும்?"

கல்லாறு தாண்டி ஏற்றம் ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் கார் பேசாமல் ஏறியது. அப்பா இடது பக்க சீட்டில் உட்கார்ந்துகொண்டு, வலது காலால் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தார். ஆனால் வாய் மட்டும் வழி சொன்னது. "இப்ப வலது பக்கம் பெரிய வளைவு... ஹாரன் அடி... உள்ளார ஒட்டாத, பஸ் வந்தா அகலமா திரும்பும்." அவருக்குப் பக்கவாட்டில் எதுவும் தெரியாது. வண்டி சாய்வதை வைத்தும், காற்றில் ஈரம் ஏறுவதை வைத்தும் சொன்னார். எந்த இடத்தில் காது அடைக்கும் என்று பேரனிடம் முன்கூட்டியே சொன்னார். அடைத்தது. அவன், "அப்பிச்சி, நீங்க கூகுள் மேப்பா?" என்றான்.

பர்லியாறில் நிறுத்தினோம். மங்குஸ்தான் சீசன். கண்டக்டர் மாமா வீட்டுக்கு ஒரு கூடை வாங்கினோம். குரங்கு ஒன்று கூடையைவிட என் போன்மேல்தான் குறியாக இருந்தது.

அங்கே அப்பா ஒரு கேள்வி கேட்டார். "ஏற்றத்துக்கு உன்ற வண்டி எவ்வளவு தின்னும்?" பையன் போனில் கணக்குப் போட்டான். கார், நாங்கள் மூன்று பேர், பைகள் எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் டன்னுக்குக் கொஞ்சம் கம்மி. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் சொச்சம், குன்னூர் சுமார் 1,850 மீட்டர். இந்த எடையை ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டும் ஏழு யூனிட் கரன்ட் வேண்டும். ராத்திரி முழுக்க பெட்ரூம் ஏ.சி. ஓடினால் ஆகிற அளவு. அது போக ரோட்டில் உருள்வதற்குத் தனி.

"இறங்கும்போது அதுல பாதி திரும்பி வருமாம், அப்பிச்சி" என்றான்.

"இறங்கறப்ப டீசல் திரும்பி டேங்க்குக்கு வருமாக்கும்? போடா!"

அவனுக்குப் புரியவைக்கத் தெரியவில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு சின்னச் சரிவு வந்தது. நான் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தேன். பிரேக்கைத் தொடாமலேயே வண்டி தானாக வேகத்தைப் பிடித்து இழுத்தது. சக்கரம் மோட்டாரைச் சுற்ற, மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்குக் கரன்ட் அனுப்பும். அப்போது வண்டி இப்படித்தான் இழுத்துப் பிடிக்கும். அப்பாவின் வலது கால் சட்டென்று அமைதியானது.

"இது செகண்ட் கியர்ல இறங்கற மாதிரியல்ல இருக்குது!"

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைப்பாதை டிரைவர்களின் முதல் பாடம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்க வேண்டும். என் கார் செய்வதும் அதேதான், கூடவே கரன்ட்டையும் சேமித்துக்கொள்கிறது. அப்பாவுக்குப் பைகாரா ஞாபகம் வந்துவிட்டது. இதே நீலகிரியில் 1932-ல் வந்த நீர்மின் நிலையம். மேலே தேக்கிய தண்ணீரைச் சுமார் 3,000 அடி கீழே குழாயில் இறக்கிக் கரன்ட் எடுத்தார்கள். அந்தக் கரன்ட் வந்துதான் கோயம்புத்தூரில் மில்கள் பெருகின, கிணறுகளில் மோட்டார் ஓடியது. எங்கள் தாத்தாவும் அப்படி ஒரு மில்லில் வேலை பார்த்தவர்தான். "அங்க தண்ணி இறங்குது, இங்க கார் இறங்குது" என்று அப்பாவே பேரனுக்கு விளக்க ஆரம்பித்தார், ஏதோ அவர் கண்டுபிடித்த மாதிரி.

குன்னூர் போய்ச் சேரும்போது 62 சதவீதம். சமவெளியில் இதே தூரத்துக்குப் பன்னிரண்டு, பதிமூன்று சதவீதம்தான் ஆகியிருக்கும்.

கண்டக்டர் மாமா வீடு மெயின் ரோட்டிலிருந்து உள்ளே, செங்குத்தான ஒரு சந்தில் ஏறிப் போக வேண்டும். மாமா வாசலில் நாற்காலியில் ஸ்வெட்டரும் குல்லாவுமாக உட்கார்ந்திருந்தார். அப்பாவைப் பார்த்ததும் முகத்தின் ஒரு பாதி மட்டும் சிரித்தது. ஏதோ சொல்ல வந்தார், சத்தம்தான் வந்தது. அப்பா பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "போன வாரம் கல்லாறுல மரம் விழுந்து ரெண்டு மணி நேரம் டிராபிக்காம்" என்று ஆரம்பித்தவர், சாயங்காலம் வரை ரோட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். ஒருவருக்குப் பேச்சு இல்லை, ஒருவருக்குப் பார்வை முக்கால்வாசி இல்லை. நானும் அத்தையும் உள்ளே மங்குஸ்தானை உடைத்துக்கொண்டு, அதைப் பற்றி ஒன்றும் பேசாமல் இருந்தோம்.

அத்தை ராத்திரி தங்கியே ஆக வேண்டும் என்றுவிட்டார். கீசர் போடும் 15 ஆம்பியர் பிளக்கில் காரைச் செருகினேன். "எவ்வளவு ஆகும்?" என்று அத்தை கேட்டார். "15 யூனிட் போல ஆகும் அத்தை, காசு கொடுத்துடறேன்." "ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட் ஃப்ரீதானே, விடு கண்ணு." நான் ஆப்பில் லிமிட் வைக்க மறந்துபோனேன். தப்பு அங்கேதான் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி சுளையாக 100 சதவீதம். திருப்தியாக இருந்தது. கிளம்பும்போது மாமாவை வாசல்வரை தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர் இடது கையை நீட்டி கார் கூரையில் இரண்டு தட்டு தட்டினார். டப், டப். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போ.

"ரைட் சொல்லிட்டான். எடும்மா" என்றார் அப்பா, நேரே பார்த்துக்கொண்டு.

சந்தில் இறங்கினேன். காலை எடுத்தேன். வண்டி பிடிக்கவில்லை! நேற்று இழுத்துப் பிடித்த வண்டி இன்று நியூட்ரலில் விட்ட மாதிரி ஓடியது. சட்டென்று பிரேக்கை மிதித்தேன். வயிற்றில் புளியைக் கரைத்தது. டிஸ்பிளேயில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை.

எனக்கு முன்னால் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. "இன்னிக்குக் கியர்ல பிடிக்க மாட்டேங்குதே?"

பேட்டரி நிரம்பி வழிகிறது. திரும்ப வரும் கரன்ட்டை வைக்க இடமில்லை, அதனால் மோட்டார் பிடிக்காது. மலையிலிருந்து இறங்குகிறவர்கள் பேட்டரியில் கொஞ்சம் காலியிடம் வைத்துக்கொள்ள வேண்டும். புத்தகத்தில் எங்கோ போட்டிருக்கிறது, யார் படித்தார்கள்? இப்படியே இறங்கினால் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டரும் வெறும் பிரேக். அதுவும் ஆடித் தூறலில்.

"பாதி வழியில நின்னு நின்னு பிரேக்கை ஆறவிட்டுப் போலாங்களாப்பா?" என்றேன்.

அப்பா யோசித்தார். "நிறைஞ்சு போச்சுன்னா கொஞ்சம் செலவு பண்ணு. கீழ போறதுக்கு முந்தி மேல போயிட்டு வா."

"எங்கே?"

"ஊட்டிக்கு."

குன்னூரிலிருந்து ஊட்டி 18 கிலோமீட்டர், இன்னும் நானூறு மீட்டர் ஏற்றம். அருவங்காடு, கேத்தி, லவ்டேல். வழியெல்லாம் பனி. கேத்தியில் கொஞ்சம் வெளிச்சம் வந்து பள்ளத்தாக்கில் கேரட் தோட்டங்கள் தெரிந்தன. ஒரு பக்கம் ரயில் தண்டவாளம் கூடவே வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும், ஊட்டிக்கு 1908-லும் வந்த பாதை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் 12 அடிக்கு ஒரு அடி என்று ஏறுவதால், பல் சக்கரம் வைத்துத் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு ஏறும். இந்த மலையில் எந்த வண்டியும் எதையாவது பிடித்துக்கொண்டுதான் ஏறவும் இறங்கவும் வேண்டும்.

ஊட்டி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே டீ குடித்தோம். அப்பா உள்ளே போகவில்லை. பஸ்கள் வெளியே வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். ஒவ்வொரு பஸ்ஸுக்கும், "கிளட்ச் போயிருச்சு", "இது புது வண்டி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் அவசரப்படுத்தவில்லை.

அங்கே 88 சதவீதம். திரும்பிக் குன்னூர் வந்தபோது 89. இறக்கத்தில் காலை எடுத்தேன், மோட்டார் இழுத்துப் பிடித்தது. அப்பா "ம்" என்றார்.

எதிரே ஏறி வந்த காய்கறி லாரிக்கு, அவர் சொல்லாமலேயே ஓரம் ஒதுங்கி நின்றேன். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. அடுத்த வளைவிலும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த வளைவிலும் சொல்லவில்லை. காட்டேரி தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. பின் சீட்டிலிருந்து பையன் எதையோ சொல்ல வாயெடுத்தான். உஸ் என்றேன்.

26 வருஷம் ஓட்டிய ரோட்டில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் லீவு நாளில் வேறு டிரைவர் ஓட்டும் பஸ்ஸில் குடும்பமாகப் போனால்கூட, முன் சீட்டில் கம்பியைப் பிடித்தபடி கொட்டக் கொட்ட விழித்திருப்பார்.

கல்லாறில் வெக்கை முகத்தில் அடித்ததும் தானாக எழுந்துகொண்டார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். "எவ்வளவு காட்டுது?" என்று முதல் கேள்வி.

"96-ங்கப்பா. குன்னூர்ல 89."

தலையை ஆட்டிக்கொண்டார். இறங்கி, நான்கு டயரையும் மறுபடி ஒரு சுற்றுத் தட்டிப் பார்த்தார். வாசற்படியில் நின்று திரும்பினார்.

"புரட்டாசியில ஒரு தேதிக்கு அந்தப் பாஸ் போட முடியுமான்னு பாரு. மழைக்கு முந்தி."